மந்திரி குமாரியின் மலையுச்சி: ஒரு காட்சியும் அதன் பிரதிகளும்

மந்திரி குமாரி (1950) படத்தின் இறுதிப் பகுதியில் அமுதவல்லி தன் கணவன் பார்த்திபனை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடுகிறாளே, அந்த இடம் எது? சேலத்துக்காரர்களைக் கேட்டால் யோசிக்காமல் ஏற்காடு என்பார்கள். படத்தை எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில்தான் இயங்கியது. அதன் நுழைவு வளைவு இன்றும் அங்கே நிற்கிறது. சேலத்துக்காரர்களின் பதிலை நானும் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் ஊர்ப்பேச்சு ஆய்வுக்குச் சான்றாகாது. மலைத்தொடரின் விளிம்பைப் படத்தில் பார்த்து, சேர்வராயன் மலையின் விளிம்போடு ஒப்பிட்டு, பாறையின் வடிவத்தைச் சோதித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அப்படிச் சோதிக்க உட்கார்ந்தபோது, வீடியோக் கடைகளும் தொலைக்காட்சியும் நமக்குக் கொடுத்திருக்கும் பிரதிகளில் விளிம்பும் இல்லை, பாறையும் இல்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பரப்பு. பாறை இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாகச் சாம்பல்.

இந்த இழப்பு ஒரு காட்சியோடு நிற்கவில்லை. தமிழ்த் திரைப்பட வரலாற்றில் நாம் வழக்கமாகச் சொல்லிவரும் ஒரு முடிவையே இந்தப் பிரதிகள் தாங்கிப்பிடித்து வருகின்றன என்பது என் கருத்து. அந்த முடிவு தியடோர் பாஸ்கரனுடையது.

பாஸ்கரனின் ஆங்கில நூல் தி மெசேஜ் பேரர்ஸ் 1981இல் வந்தது. தி ஐ ஆஃப் தி செர்பென்ட் 1996இல். எம் தமிழர் செய்த படம் 2004இல். தமிழ்த் திரைப்படத்தை ஆய்வுக்குரிய பொருளாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். இக்கட்டுரையின் கேள்விகளையே அவரிடமிருந்துதான் கற்றேன். அவர் வாசிப்பின் சாரம் இது: நம் பேசும்படம் கம்பெனி நாடகத்தின் வயிற்றில் பிறந்தது, நடிகர்களும் பாட்டும் வசனமும் மேடையிலிருந்து அப்படியே வந்தன, கேமரா முன்வரிசைப் பார்வையாளரைப்போல ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டது, பிம்பத்தால் கதை சொல்லும் பழக்கம் வேர்விடும் முன்பே சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. திராவிட இயக்க எழுத்தாளர்கள் திரைக்கு வந்தபின் அடுக்குமொழியும் நீண்ட பேச்சும் சேர்ந்து இந்தச் சாய்வை முற்றவைத்தன. வசனங்கள் தனி இசைத்தட்டாகவே விற்பனையானது அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

முப்பதுகளின் படங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அவர் குறுந்தகட்டின் காலத்துக்கு முன்பே எழுதத் தொடங்கியவர் என்பதையும் இங்கேயே பதிவுசெய்துவிட வேண்டும். மோசமான பிரதியைப் பார்த்து அவர் ஏமாந்தார் என்று நான் சொல்லவில்லை. நான் மறுப்பது இரண்டை. ஒன்று, மு. கருணாநிதி எழுதினார் என்பதாலேயே மந்திரி குமாரியும் அந்த வரிசையில் அடங்கிவிடும் என்ற கருத்து. இன்னொன்று, அவருக்குப் பின்வந்த தலைமுறை அவர் முடிவைச் சரிபார்த்த முறை.

முதலாவதற்கு ஒரே ஒரு செய்தியை நினைவூட்டினால் போதும். படத்தை இயக்கியவர்களில் ஒருவரான எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. 1936இல் சதி லீலாவதியில் தொடங்கி அம்பிகாபதி, சகுந்தலை, மீரா என்று பதினைந்தாண்டுகள் தமிழ்ப் படம் எடுத்தவர், வசனத்தின் பொருளை உதவியாளர் வாயிலாகவே அறிந்தார். சொல்லின் சுவை எட்டாத ஒருவர் எதை நம்பிக் காட்சியை அமைப்பார்? முகத்தை, நிழலை, நிற்கும் இடத்தை, உயரத்தை. கருணாநிதியின் பேனாவும் டங்கனின் கண்ணும் இழுபறியாக இயங்கும் படம் மந்திரி குமாரி. பாஸ்கரனின் வாசிப்பு அதில் பேனாவை மட்டும் பார்க்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். படம் முடியுமுன் டங்கன் அமெரிக்கா திரும்பிவிட்டார். மிச்சத்தை மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் முடித்தார், பெயர்வரிசையில் இருவரும் இருக்கிறார்கள். மலையுச்சிக் காட்சி யார் பங்கு? கதை முடிவில் வரும் காட்சி கடைசியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்த ஸ்டுடியோவிலும் இல்லை. வெளிப்புறக் காட்சிகளை வெயிலும் மழையும் பார்த்து முதலிலேயே முடித்துவிடுவதும் வழக்கம்தான். டங்கன் என்று நான் சாய்கிறேன். நாள் குறித்து நிறுவ முடியாததால் அதைச் சாய்வு என்ற அளவிலேயே நிறுத்துகிறேன்.

இரண்டாவது மறுப்புதான் இக்கட்டுரையின் மையம். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து பழைய படங்களைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர், என்னையும் சேர்த்து, படங்களைப் பார்த்தது விசிடி என்ற வீடியோக் குறுந்தகட்டில். அதன் அளவுகளைக் கொஞ்சம் கவனிப்போம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கான விசிடியில் ஒரு பிம்பத்துக்கு அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288 புள்ளி. ஆக ஏறத்தாழ ஒரு லட்சம். 35 மி.மீ. பிலிமைச் சாதாரண 2கே அளவில் வருடினாலே முப்பது லட்சத்துக்கு மேல் புள்ளி கிடைக்கும். முப்பது பங்கில் ஒரு பங்குதான் நம் கண்ணுக்கு வந்தது. ஒலியின் கதை வேறு. 1950இன் ஒளியியல் ஒலித்தடம் திரையரங்கில் 8,000 ஹெர்ட்சைத் தாண்டி அதிகம் ஒலித்ததில்லை. விசிடியோ 20,000 வரை தாங்கும். பிலிமில் இருந்த குரல் முழுவதும் வட்டுக்குள் அடங்கியது, இடமும் மிஞ்சியது. பிம்பத்தில் முப்பதில் ஒன்று, ஒலியில் முழுமை: இப்படி ஒரு தராசில் நிறுத்துவிட்டுத் தமிழ்ப்படம் காதுக்கானது என்று தீர்ப்புச் சொல்வது எப்படிச் சரியாகும்?

சுருக்கும் முறை இன்னும் கொடியது. விசிடியின் எம்பெக் சுருக்கம், முந்திய பிம்பத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டும் சேமித்து இடத்தை மிச்சப்படுத்துவது. தர்பார் செட்டில் இருவர் அசையாமல் நின்று பேச, கேமராவும் அசையாமல் இருந்தால் மாறுவது உதடு மட்டுமே. பிம்பம் தெளிவாக வரும். காற்றில் அலையும் இலை, நகரும் மூட்டம், ஏறிப்போகும் கேமரா வந்தால் எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் மாறும். வட்டு திணறிப் பிம்பத்தைச் சதுரங்களாக உடைக்கும். பழைய படத்தில் எங்கே கேமரா நாடகத்தனமாக நிற்கிறதோ அங்கே குறுந்தகடு நன்றாகத் தெரிகிறது. எங்கே அது நாடகத்தை உதறிவிட்டு மலையேறுகிறதோ அங்கே கலங்கிவிடுகிறது. பாஸ்கரனின் முடிவை நிரூபிக்கவென்றே ஒரு கருவியை வடிவமைத்திருந்தால்கூட இதைவிடப் பொருத்தமாக அமைந்திராது.

பிலிம் வட்டுக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டூரிங் டாக்கீஸ்களில் மறுபடி மறுபடி ஓடிய பிரிண்டுகள்தாம் பலவற்றுக்கு மூலம். சேலத்தில் நீண்டகாலம் ஆபரேட்டராக இருந்த முதியவர் ஒருவர் சொன்னார்: “பொட்டி நம்ம கொட்டாய்க்கு வர்றப்பவே முப்பது ஊரு பாத்துட்டுத்தான் வரும் தம்பி. அறுந்த எடத்த வெட்டி ஒட்டுவோம். ரீலு தலையும் வாலுந்தான் மொதல்ல தேயும். திரையில மழை பெய்யற மாதிரியே இருக்கும்.” அந்த மழைக்கோடுகளோடு பிரிண்ட், பிலிமை வீடியோவாக மாற்றும் டெலிசினி எந்திரத்துக்குப் போனது. திரையரங்கில் பெருவிளக்கு பாய்ச்சி ஓட்டுவதற்கான பிரிண்டில் கறுப்பு மிகக் கறுப்பாக இருக்கும். டெலிசினிக்கு அழுத்தம் குறைந்த தனிப் பிரிண்ட் போட வேண்டும். செலவைப் பார்த்து அதைத் தவிர்த்துவிடுவார்கள். அதனால் நிழல் கறுப்புக் கட்டியாகவும் வானம் வெள்ளைத் தாளாகவும் ஆயின. கறுப்பு வெள்ளைப் படத்தில் தூரத்து மலை என்பது வானத்தைவிட ஒரு சாயல் மட்டுமே அழுத்தமான சாம்பல். வெளுப்பில் முதலில் கரைவது அதுதான்.

வண்ணத்துக்கும் இதே இழப்பு உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸின் அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், கேவாகலரில் எடுக்கப்பட்டது. பழைய வண்ணப் பிரிண்டுகளில் நீலச் சாயமே முதலில் வெளிறும், செம்மை மிஞ்சும். வெளிறிய பிரிண்டிலிருந்து வட்டுக்கு மாற்றினால் அந்தப் படத்தில் என்றுமே இல்லாத நிறங்களைத்தான் அதன் நிறங்கள் என்று நம்புவோம். இது தனியாக எழுத வேண்டிய பொருள்.

இனி, என் வாதத்துக்கு நான் பெரிதும் நம்பும் சான்று. படம் தொடங்குமுன் சில நொடிகள் திரையில் தெரியும் தணிக்கைச் சான்றிதழை நாம் யாரும் படிப்பதில்லை. அது கல்வெட்டின் மெய்க்கீர்த்திபோல: வழக்கமான வாசகம் என்று தாண்டிவிடுவோம், ஆண்டுக் கணக்கு அதற்குள்தான் இருக்கும். சான்றிதழ் வழங்கிய அமைப்பு எது, நாள் எது, படத்தின் நீளம் எவ்வளவு, எத்தனை ரீல் என்பவை அதில் இருக்கும். 1951 ஜனவரியில்தான் மத்தியத் தணிக்கைக் குழு அமைந்தது. அதற்கு முன் சென்னை, பம்பாய், கல்கத்தா என்று வட்டாரக் குழுக்கள். ஆகவே 1950 ஜூனில் வெளியான படத்தின் தலைப்பில் மத்தியக் குழுவின் சான்றிதழ் தெரிந்தால், நம் கையில் இருப்பது முதல் வெளியீட்டுப் பிரிண்டின் வழி வந்ததாக இருக்க முடியாது; மறுவெளியீட்டின் வழி வந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2023இன் திருத்தம் வரை, சான்றிதழ் பத்தாண்டுகள்தான் செல்லும் என்றிருந்தது. அதன்பின் ஓட்ட வேண்டுமானால் புதிதாகப் பெற வேண்டியிருந்தது. நீளம் அடியில் இல்லாமல் மீட்டரில் இருந்தால் இன்னும் பின்னால் வர வேண்டும். எழுத்தமைதியை வைத்துக் கல்வெட்டின் காலத்தைக் கணிப்பதுபோல, சான்றிதழை வைத்துப் பிரதியின் பிறப்பைக் கணிக்கலாம்.

நீளம்தான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிம்பம். நொடிக்கு 24 பிம்பம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. 15,000 அடி என்று சான்றிதழ் சொன்னால் படம் 166 நிமிடம் 40 நொடி ஓட வேண்டும். வட்டில் 150 நிமிடமே இருந்தால் 1,500 அடி எங்கோ போய்விட்டது. இவ்வளவு எளிய சோதனையை நாம் ஏன் செய்வதில்லை என்றால், பல வட்டுகளில் சான்றிதழையே வெட்டி எறிந்துவிட்டு விநியோகித்தவரின் சின்னத்தைப் போட்டிருக்கிறார்கள். தப்பித்தவறி மீந்தாலும் படிக்க முடிவதில்லை. மாடர்ன் தியேட்டர்ஸின் ஐம்பதுகளின் படம் ஒன்றுடைய வட்டில் சான்றிதழ் முழுதாக இருப்பதைப் பார்த்து ஒரு மாலை முழுவதும் அதன் முன் உட்கார்ந்திருக்கிறேன். நீளத்தின் நூறாம் இடத்து இலக்கம் 3 என்றும் கொள்ளலாம், 8 என்றும் கொள்ளலாம். 288 புள்ளி உயரத்தில் அந்த இரண்டுக்கும் உருவம் ஒன்றே. வேறுபாடு 500 அடி, அதாவது ஐந்தரை நிமிடம். ஒரு பாட்டு அல்லது ஒரு கொலை. அதை 3 என்று படிக்க நான் விரும்பினேன். இழப்பு குறைவாக இருக்குமே என்று. விருப்பத்தைப் பாடமாக்கக் கூடாது என்பதால் இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இந்தச் சோதனைக்கும் ஒரு பொறி உண்டு. நம் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 பிம்பம். 24இல் எடுத்த பிலிமை 25இல் ஓட்டியே பதிவுசெய்வது வழக்கம். அப்போது 15,000 அடிப் படம் 160 நிமிடத்தில் முடிந்துவிடும். வேகத்தைக் கணக்கில் கொள்ளாதவர் 600 அடி வெட்டப்பட்டது என்று எழுதுவார். வெட்டே இருக்காது. ஒரே படத்துக்கு நிமிடக் கணக்கு நூலுக்கு நூல் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வேகம் கூடினால் சுருதியும் கூடும். கணக்குப்படி அரைக்கட்டையில் பத்தில் ஏழு பங்கு. நாலு கட்டையில் பாடியவர் நாலரைக்கு நெருங்கிவிடுவார். மந்திரி குமாரியில் மலையேறும்போது திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் பாட்டு, ஜி. ராமநாதன் இசையில், மருதகாசி எழுதியது; தமிழர் வீடுகளில் மூன்று தலைமுறையாகப் புழங்குவது. கொல்லப் போகிறவன் கொஞ்சி அழைத்துச் செல்கிறான். லோகநாதனின் குரலில் உள்ள கனமும் சோம்பலுமே அங்கே சூழ்ச்சி. சுருதி ஏறி, தாளமும் நூற்றுக்கு நாலு பங்கு விரைந்தால் அந்தச் சோம்பல் துடிப்பாகிவிடும். ஒலியாவது முழுமையாக வந்தது என்று மேலே சொன்னேன். எல்லாச் சொல்லும் கேட்கிறது என்ற அளவில்தான் அது உண்மை. வசனத்துக்கு இந்த மாற்றம் தீங்கு செய்வதில்லை, பாட்டுக்குச் செய்கிறது. 78 சுழற்சி இசைத்தட்டோடு ஒப்பிட்டால் தெளிவாகிவிடுமே என்று கேட்கலாம். இசைத்தட்டுக்குத் தனியாகப் பாடிப் பதிவுசெய்யும் வழக்கம் அக்காலத்தில் இருந்ததால் அந்த ஒப்பீடு முழுச் சான்றாகாது.

மறுபடி மலைக்கு வருவோம். பாறையா, சாந்து பூசிய செட்டா? சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறையால் ஆனது. கருநீலச் சாம்பல் நிறம், வெயிலும் மழையும் பட்டு உருண்ட முகப்பு, தகடு தகடாக உரியும் தோல். சாந்துப் பாறைக்கு விளிம்பு கூராக இருக்கும், உரிவு இருக்காது. நல்ல பிரிண்டில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். வட்டில் இரண்டும் ஒன்றே. பாட்டு வெட்டவெளியில் நடக்கிறது என்பதில் எந்தப் பிரதியிலும் ஐயமில்லை. அந்த வெளி சேர்வராயன் மலைதான் என்பதற்கு என் சான்றுகள் சூழலைச் சார்ந்தவை. ஸ்டுடியோ வாசலில் வண்டி ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். இவ்வளவு அருகில் இப்படி ஒரு மலையை வைத்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைச் சிக்கனத்துக்குப் பேர்போன கட்டுப்பாட்டோடு எடுத்த சுந்தரம் வேறு மலைக்குக் குழுவை அனுப்பியிருப்பார் என்று நம்ப எனக்குக் காரணமில்லை. வெளிப்புறக் காட்சிகள் ஏற்காட்டுப் பக்கத்தில் எடுக்கப்பட்டவை என்று உறுதியாகவே வாதிடுவேன். தள்ளிவிடும் அந்தக் கணம் மட்டும் உள்ளே செட்டில் எடுத்து ஒட்டப்பட்டதா என்பதற்கு இந்த வாதம் எட்டாது.

ஏற்காட்டின் லேடீஸ் சீட் முனையில் நின்று சேலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே பயம் கீழே இருக்கிறது. காலடியில் பாறை முடிந்து, நடுவில் எதுவுமில்லாமல், வெகு ஆழத்தில் ஊர். 1950இன் திரைச் சட்டகம் ஏறக்குறைய சதுரம். உயரம் 1 என்றால் அகலம் 1.37. உச்சியையும் பள்ளத்தையும் ஒரே பிம்பத்தில் அடக்க அது தோதானது. இப்போது கிடைக்கும் பளபளப்பான பிரதிகள் அகலத் தொலைக்காட்சியை நிரப்ப மேலும் கீழும் வெட்டிவிடுகின்றன. பதினாறுக்கு ஒன்பது என்ற சட்டகத்துக்குள் இதை நிரப்பினால் உயரத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். வானத்தை வைத்தால் காலடி போகும். காலடியை வைத்தால் வானம் போகும். கணவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்டுச் சுற்றும் அமுதவல்லி விளிம்புக்கு எத்தனை அடி தள்ளி நிற்கிறாள் என்பதில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது. விளிம்பு வெட்டுப்பட்டபின் மிஞ்சுவது இரண்டு முகமும் வசனமும். அதைப் பார்த்துவிட்டு, பாருங்கள் நாடகம்தான் என்கிறோம்.

விசிடியைவிட இந்த வெட்டுப் பிரதிகளே ஆபத்தானவை என்பது என் கருத்து. மங்கல் தன்னைக் குறை என்று காட்டிக்கொள்ளும். பார்ப்பவர் இதில் ஏதோ போயிருக்கிறது என்று உணர்வார். துடைத்துப் பளிச்சென்று ஆக்கிய வெட்டு தன்னையே மூலம் என்று காட்டிக்கொள்ளும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. குண்டலகேசி ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. நூல் அழிந்துவிட்டது, கிடைத்திருப்பவை 19 பாடல்கள். கணவனைச் சுற்றிவந்து மலையிலிருந்து தள்ளிய அந்தப் பெண்ணின் கதையை, அவள் சமயத்தை மறுக்க எழுந்த நீலகேசியின் உரை சொல்வதால் அறிகிறோம். கருணாநிதி எழுதியது சிதைந்துபோன ஒரு காப்பியத்தின் கதையை; அந்தப் படமும் இப்போது சிதைந்த பிரதிகளில் நம் கையில் இருக்கிறது. ஆனால் ஏட்டுச்சுவடிகளிடம் நாம் காட்டிய நேர்மையைப் பிலிமிடம் காட்டவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பிரதிகளை ஒப்பிட்டு வேறுபாடு குறிக்கும் ஒழுக்கத்தை நமக்குக் கற்பித்தார். செல்லரித்த இடத்தில் புள்ளி வைப்பார்கள், தாமாக நிரப்பமாட்டார்கள். திரைப்பட ஆய்விலோ எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினோம் என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. மந்திரி குமாரி, 1950 என்று எழுதுகிறோம். பார்த்தது 1950இன் படமா? எழுபதுகளின் மறுவெளியீட்டுப் பிரிண்டிலிருந்து தொண்ணூறுகளில் வீடியோவாகி, பின்னர் அகலத்துக்கு வெட்டப்பட்டதா?

இனி நான் எழுதும் எதிலும் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் பிரதியின் விவரத்தையும் தருவதாக இருக்கிறேன்: ஊடகம், ஓடும் நேரம், சட்டக அளவு, சான்றிதழ் இருக்கிறதா, இருந்தால் அதில் படிக்க முடிந்தது எவ்வளவு. பாஸ்கரனின் முடிவை மந்திரி குமாரியைக் கொண்டு மாற்ற முடியுமா என்பது ஒரு நல்ல பிரிண்டை, அல்லது நெகட்டிவின் சில அடிகளையாவது, ஒளிமேசையில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த பிறகே தெரியும். அதுவரை என் குறிப்பேட்டில் மலையுச்சிக் காட்சிக்கு நேராக இருப்பது இவ்வளவுதான்: பாறையோ சாந்தோ, பிரதி சிதைவு.